உன் அம்மா இருதய நோயால் சாகவில்லை

மகள் வசந்திக்கு,

வியாழக்கிழமை உன் கடிதம் கிடைத்தது. எப்போதும் போல முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தேன், சுகம் என்று எழுதியிருக்கிறாயா என்று. எழுதியிருந்தாய். அதற்குப் பிறகுதான் முதலிலிருந்து வாசித்தேன். லண்டன் ஆசுபத்திரியில் உன் குடலைக் குறுக்காகப் பொருத்தித் தைக்கப் போகிறார்கள், சாப்பிடுவதில் பாதி உடம்பில் ஒட்டாமலே போய்விடும், ஒரு வருடத்தில் நூறு இறாத்தல் குறைந்துவிடும், அதற்குப் பிறகு ஒரு பிள்ளை தங்கவும் வழி பிறக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதற்கு முன் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம். தாய் தகப்பனுக்கு என்ன வருத்தம், எதனால் இறந்தார்கள் என்று அதில் கேட்கிறார்களாம். "அம்மாவுக்கு இருதயம் என்று எழுதுகிறேன், சரிதானே அப்பா?" என்று ஒரு வரி.

சரியில்லை. அப்படி எழுதாதே. உன் அம்மா இருதய நோயால் சாகவில்லை. அவளுக்குக் கருப்பையில் புற்றுநோய். பதினெட்டு வருடமாக நான் உனக்குச் சொல்லி வந்தது பொய்.

இதை ஒரு தந்தியில் அடித்து அனுப்பியிருக்கலாம். படிவத்துக்கு அது போதும். ஆனால் உனக்குப் போதாது. உன் கடிதத்தின் நடுவில் இன்னொரு விஷயமும் இருந்தது. நாலைந்து மாதத்துக்கு மாதச் சுகவீனம் வருவதில்லை, வந்தால் வாரக்கணக்கில் நிற்பதில்லை, துவண்டு போகிறேன், நிறை குறைந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று டொக்டர் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். ஒரு மகள் தகப்பனுக்கு எழுதுகிற விஷயம் இல்லை அது. எழுதுவதற்கு உனக்குத் தாய் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். இதை வாசித்துவிட்டு நீ பயப்பட வேண்டும். அதற்காகத்தான் நீட்டி எழுதுகிறேன்.

அம்மா சம்பூரில் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. கலியாணத்தின்போது சாதாரண உடம்புதான். சுதந்திரம் கிடைத்த வருடம் நீ கைக்குழந்தை. உனக்குப் பிறகு மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தன. ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்தாள். நான் அப்போது திருகோணமலையில் வெள்ளைக்காரனுடைய கடற்படைத் தளத்தில் கிளாக்கர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் சப்பாத்துமாகப் போய் வருகிறவன். என்னோடு வேலை செய்தவர்களின் மனைவிமார் கைப்பையும் குடையுமாக நடந்து வருவார்கள். உன் அம்மா வந்தால் மூச்சிரைக்கும், நெற்றியில் வியர்வை ஓடும், உட்காரக் கதிரை தேடுவாள். அவளோடு ஒன்றாக நடப்பதை நான் விட்டேன். கோணேசர் கோயிலுக்குப் போனாலும் நான் பத்தடி முன்னால், அவள் பின்னால். நீ சின்னப் பிள்ளை, எங்கள் இருவருக்கும் இடையில் ஓடித் திரிவாய். இரண்டு பேர் கைகளையும் பிடித்துச் சேர்க்கப் பார்ப்பாய். உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது, ஏனென்றால் நான்தான் கையை உதறியவன்.

வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போன பிறகு என்னைத் துறைமுகத்துச் சரக்குக் கிடங்கில் போட்டார்கள். உன்னை யாழ்ப்பாணத்தில் விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். வீட்டில் நாங்கள் இருவரும்தான். அம்மாவுக்கு நாற்பத்திமூன்று வயதில் மாதச் சுகவீனம் நின்றது. அதைக்கூட அவள் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒருநாள், நான் வேலைக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, என்னை ஒருக்கா ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறீங்களோ?"

"என்ன வருத்தம்?"

"திரும்பத் தொடங்கியிருக்கு. மூண்டு கிழமையா நிக்கேல்லை."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைத் தெறியைப் பூட்டிக்கொண்டே "பாப்பம்" என்றேன். பார்க்க இன்னும் ஒரு மாதம் எடுத்தேன்.

ஆசுபத்திரியில் டொக்டர் அவளைப் பார்த்த பார்வையிலேயே வருத்தத்தை முடிவு செய்துவிட்டார். நிறை பார்க்கச் சொன்னார். அங்கிருந்த தராசில் முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தாதி தன் சிரிப்பை மறைக்கத் திரும்பி நின்றாள். அம்மா தராசிலிருந்து இறங்கும்போது என் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நான் விலகிச் சுவர்ப் பக்கம் நின்றேன். டொக்டர் அவளைக் கட்டிலில் ஏற்றவில்லை, உள்ளே சோதிக்கவும் இல்லை. இவ்வளவு கொழுப்புக்குள் கையில் ஒன்றும் தட்டுப்படாது என்று என்னிடம் இங்கிலீசில் சொன்னார். அம்மாவிடம், "நிறைதான் உங்கட வருத்தம். முப்பது இறாத்தல் குறைச்சுக்கொண்டு வாங்கோ. அப்பவும் நிக்காட்டிப் பாப்பம்" என்றார்.

அம்மா சும்மா எழும்பவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவள் வாயில்லாதவள் என்று நான் உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவள் கதிரையில் இருந்தபடியே, "டொக்டர், நிண்டு ரெண்டு வருசத்துக்குப் பிறகு வருது. அதுதான் எனக்குப் பயமா..." என்று தொடங்கினாள். நான்தான் இடையில் விழுந்தேன். "அவ எல்லாத்தையும் பெருசாக்கிக் கதைப்பா டொக்டர். நீங்கள் சொன்னபடி நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். டொக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா வாயை மூடினாள். ஒரு நிமிடம் நான் பேசாமல் இருந்திருந்தால் அந்த மனிதருக்கு மூளை வேலை செய்திருக்குமோ தெரியாது. வேலை செய்யாமலும் போயிருக்கலாம். ஆனால் பேச விடாதவன் நான். அந்த டொக்டர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. என் மேல் உள்ள கோபத்தைத் தாங்க முடியாத நாட்களில் அவரை எடுத்து வைத்துக்கொண்டு திட்டுவேன்.

மாதாமாதம் நிறையைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஆசுபத்திரித் தராசு போதாது. அதனால் உன் அம்மாவை நான் துறைமுகக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மா மூடைகளை நிறுக்கிற தராசு அங்கே இருந்தது. தரையோடு பலகை, பக்கத்தில் கம்பம். பின்னேரம் ஆட்கள் போன பிறகு போவோம் என்றாள். எனக்கு அது வசதிப்படவில்லை. பத்து மணிக்கு, மூடை தூக்குகிற நாட்டாமை வேலைக்காரர் முதுகில் சுமையோடு வரிசையாகப் போய் வருகிற நேரம், அவளை அந்தப் பலகையில் ஏற்றினேன். எல்லோரும் நின்றுவிட்டார்கள். மேற்பார்வைக்காரன் ஒருவன், "கிளாக்கர், எத்தினை மூடை?" என்று கேட்டான். கிடங்கு முழுக்கச் சிரித்தது. வசந்தி, நானும் சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து, அவர்களை விடச் சத்தமாகச் சிரித்தேன். இருநூற்று நாற்பத்தாறு இறாத்தல். அம்மா பலகையிலிருந்து இறங்கினாள். கால் செருப்பில் ஒட்டியிருந்த மாவை நிலத்தில் தேய்த்துத் துடைத்தாள். "வீட்ட போவமோ?" என்று மட்டும் கேட்டாள். மற்ற மாதங்களில் அவளாகவே வந்து பலகையில் ஏறி நின்றாள். ஒருநாளும் முகத்தைத் திருப்பவில்லை.

குசினி அலுமாரிக்குப் பூட்டுப் போட்டேன். திறப்பு என் இடுப்பில். காலையில் அளந்து அரிசி, அளந்து எண்ணெய். நான் இருக்கும்போது அவளுக்கு ஒரு நேரச் சோறு, மற்ற நேரம் கஞ்சித் தண்ணீர். என் வீட்டில் என் மனைவியைப் பட்டினி போட்டேன், அதற்கு வைத்தியம் என்று பெயர் வைத்தேன். அவள் மறுத்துக் கதைக்கவில்லை. ஐந்தாறு மாதத்தில் நிறை இறங்கத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு வேகமாக. கன்னம் ஒட்டியது, கழுத்து தெரிந்தது. தெருவில் உள்ளவர்கள் நின்று பார்த்து, "இப்பதான் வடிவா இருக்கிறா" என்றார்கள். டொக்டர் என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கலியாணம் முடித்துப் பதினெட்டு வருடத்தில் முதல்தரம் நானே கடைக்குப் போய் அவளுக்குச் சேலை வாங்கினேன். கத்தரிப்பூ நிறம். "உடுத்திப் பார், இப்ப உனக்கு நல்லாயிருக்கும்" என்றேன். அவள் சேலையைக் கையில் வாங்கி நீண்ட நேரம் வைத்திருந்தாள். நான் புகழ்ந்தது அவளை அல்ல என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளைத் தின்றுகொண்டிருந்த வருத்தத்தை நான் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

ரத்தம் நிற்கவில்லை. எனக்குத் தெரியாமல் துணிகளைத் துவைத்து வீட்டுப் பின்புறம் காயப்போட்டிருக்கிறாள். தெரிந்தது ஒரே ஒருத்திக்கு. கிண்ணியாவிலிருந்து தயிர்ச் சட்டி கொண்டுவருகிற சபியாவை நீ பார்த்திருப்பாய், விடுமுறையில் வந்தால் உனக்கென்று ஒரு சட்டி தனியாகத் தருவாள். வாரத்தில் செவ்வாய், சனி இரண்டு நாளும் துறையில் பாதை மிதவையில் ஏறி இக்கரைக்கு வருவாள். தயிரை விற்று முடித்துவிட்டு எங்கள் குசினி வாசலில் உட்கார்ந்து அம்மாவோடு கதைப்பாள். அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகிதம் அதுதான். ஒருநாள் நான் வேலை முடிந்து வரும்போது சபியா ஒழுங்கை முடக்கில் எனக்காக நின்றாள்.

"கிளாக்கர் ஐயா, கோவிக்கப்படா. அக்காட மேலுக்கு ஏலாம இருக்கு. மாசக்கணக்கா ரத்தம் படுது. நிண்டுபோன பொம்புளைக்குத் திரும்பப் படுறது நல்லமில்ல ஐயா. எங்கட மாமிக்கும் இப்பிடித்தான். கொழும்புக்குக் கொண்டு போங்க."

"டொக்டர் பாக்கிறார். உனக்கென்ன தெரியும்?"

"அவ மெலியிறது நல்ல மெலிவில்ல ஐயா."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. ஆறு மாதமாக நான் கட்டி எழுப்பிய பெருமையைத் தயிர்க்காரி ஒருத்தி ஒரு வார்த்தையில் தட்டிவிட்டாள் என்று கோபம். "நாளையிலயிருந்து தயிர் வேண்டாம். வீட்டுக்கு வரவும் வேண்டாம்" என்றேன்.  அவள் வெறும் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு துறைப் பக்கம் போனாள். அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாயும் அதற்கடுத்த செவ்வாயும் அம்மா குசினி வாசலில் பலகையைப் போட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். யாருக்கு என்று எனக்குத் தெரியும். கேட்காமல் கடந்து போனேன்.

அதற்குப் பிறகும் ஏழு மாதம் போனது. ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் கிடங்குக்கு ஆள் அனுப்பினார். வந்து பார்த்தபோது அம்மா குசினி நிலத்தில் கிடந்தாள். அவளைத் தூக்கினேன். கலியாணம் முடித்த காலத்துக்குப் பிறகு முதல்தரம் அவளை என்னால் தூக்க முடிந்தது. அந்த நேரத்தில்கூட, எவ்வளவு குறைந்துவிட்டாள் என்று என் மனதில் ஒரு எண்ணம் ஓடியது. சேலையெல்லாம் ரத்தம்.

கொழும்புக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு பெண் டொக்டர், நடுத்தர வயது, கண்டிப்பான முகம். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அம்மாவைக் கட்டிலில் ஏற்றி முழுக்கச் சோதித்தா. கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. பிறகு கருப்பைக்குள் சுரண்டிக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினா. முடிவு வந்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டா, எவ்வளவு காலமாக ரத்தம் போகிறது என்று. ஒன்றரை வருடம் என்றேன். ஒன்றரை வருடத்தில் ஒருவரும் உள்ளே பார்க்கவில்லையா என்று கேட்டா. பருத்த உடம்பு, அதுதான் காரணம் என்று சொன்னார்கள் என்றேன். அந்தப் பெண் டொக்டர் பேனாவை மேசையில் வைத்தா. "உடம்பு பருத்த பெண்களுக்குத்தான் இந்தப் புற்றுநோய் கூட வருகிறது. அவளுடைய பருமனைக் கண்டதும் முதலில் இதைத்தான் தேடியிருக்க வேணும். நீங்கள் எல்லோரும் பருமனைப் பார்த்து அதோடு நின்றுவிட்டீர்கள்" என்றா. தொடக்கத்தில் வந்திருந்தால் கருப்பையை எடுத்துவிட்டு அவள் அநேகமாகப் பிழைத்திருப்பாள் என்றும், இப்போது ஈரல் வரை போய்விட்டது என்றும் சொன்னா. நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன், கிடங்கில் பெரியவர் ஒருவர் திட்டும்போது கேட்பதைப் போல.

வார்டுக்குப் போய் அம்மாவின் கட்டிலடியில் உட்கார்ந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வந்தது பார். அவள் கோபப்படவில்லை. யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான் மெலியிறது உங்களுக்குச் சந்தோசமா இருந்தது. என்னோட சேர்ந்து நடக்கத் தொடங்கினனீங்கள். அதைக் கெடுப்பான் ஏன் எண்டுதான் சொல்லேல்லை."

இந்த வார்த்தையை இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. எழுதும்போதுதான் தெரிகிறது, மனதில் இருந்ததை விடக் கடதாசியில் இது பெரிதாக இருக்கிறது.

திருகோணமலைக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். சபியாவைப் பார்க்க வேண்டும் என்றாள். நான் பாதை ஏறிக் கிண்ணியாவுக்குப் போய் விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். வேலிப் படலையில் நின்று என்னவெல்லாமோ சொல்லத் தொடங்கினேன். அவள் என்னை முடிக்க விடவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க தயிர் வேணாமெண்டீங்க ஐயா. நான் தயிருக்காகவா வந்தன்?" என்று கேட்டாள்.  என்னோடு அதே பாதையில் வந்தாள். கடைசி ஐந்து கிழமையும் அம்மாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி பருக்கியது அவள்தான். நான் அலுமாரிப் பூட்டைக் கழற்றிக் கடலில் எறிந்தேன். அப்போது அம்மாவால் கஞ்சியைத் தவிர ஒன்றும் விழுங்க ஏலாது.

கடைசி நாள் வரை உனக்கு நான் அறிவிக்கவில்லை, நீ விடுதியிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உனக்கு வயது பதினாறு. "அப்பா, அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டாய். இருதயம் என்றேன். யோசிக்காமல் வந்த பொய் இல்லை அது. ரயிலில் கொழும்பிலிருந்து வரும்போதே தீர்மானித்து வைத்திருந்தேன். தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் உன்னைக் கட்ட ஒருவனும் வரமாட்டான் என்று நினைத்தேன். அது பாதி. மற்றப் பாதி, ஒன்றரை வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீ கேட்பாய். சபியாவிடமும் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினேன். அவள் விருப்பமில்லாமல் தந்தாள்.

பொய்யோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அதை எடுத்து உன்னை அடித்தேன். நீயும் அம்மாவைப் போல உடம்பு வைக்கத் தொடங்கியிருந்தாய். "கொம்மா கொழுப்பாலதான் செத்தவ. நீயும் அப்பிடிச் சாகப் போறியோ?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்? உன் தட்டில் இடியப்பத்தை எண்ணுவேன். இரண்டுக்கு மேல் எடுத்தால் அவள் பெயரைச் சொல்லுவேன். பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு, நீ கேட்கும்படி, தாயைப் போல என்று சொல்லுவேன். நீ என் முன்னால் சாப்பிடுவதை விட்டாய். கிணற்றடியில் நின்று பாண் துண்டை விழுங்கிக்கொண்டிருந்ததை ஒருநாள் கண்டேன். அன்றைக்கும் வாயை மூடவில்லை நான். உன் உடம்பு உன்னைக் கொல்லப் போகிறது என்ற பயத்தை உனக்குள் விதைத்தவன் நான். இப்போது நீ குடலைத் தைக்கக் கொடுக்கிறாய் என்றால், அந்தக் கத்தியில் பாதி என் கையில் இருக்கிறது.

அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. செய்துகொள். ஆனால் அதற்கு முன் உன்னைச் சோதிக்கச் சொல். வெள்ளிக்கிழமை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இங்கே ஆசுபத்திரிக்குப் போனேன். பெண்களுக்கான பகுதியில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை இருக்கிறா. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் இருக்கிற வாங்குப் பலகையில் அவர்களுக்கு நடுவில், இந்தக் கிழவன் மூன்று மணித்தியாலம் இருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஒருத்தி சிரித்தாள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். என் முறை வந்தபோது கடிதத்தைக் கொடுத்து, அம்மாவின் கதையையும் சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

அந்தப் பிள்ளை உன் கடிதத்தில் அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தா. "ஐயா, இது அதுவாத்தான் இருக்கும் எண்டு நான் சொல்லேல்லை. இந்த வயசில, இந்த நிறையில, மாதம் ஒழுங்கில்லாமல் போறதுக்கு வேற காரணங்களும் இருக்கு. ஆனா பாக்காமல் விடக்கூடாது. தாய்க்கும் இருந்திருக்கெண்டால் கட்டாயம் பாக்கவேணும்" என்றா. குடலில் கை வைக்க முதல் கருப்பையைச் சுரண்டிப் பரிசோதிக்க வேண்டுமாம். மார்பையும் பார்க்க வேண்டும், மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், பருத்த உடம்புக்கு அந்த இடங்களிலும் கவனம் தேவை என்று ஒரு கடதாசியில் இங்கிலீசில் எழுதித் தந்திருக்கிறா. இதோடு வைத்திருக்கிறேன். அதை அப்படியே உன் டொக்டரிடம் கொடு.

ஏன் முன்னுக்கே செய்ய வேண்டும், பிறகு பார்த்தால் என்ன என்று நான் கேட்டேன். அந்தப் பிள்ளை சொன்ன விடை இது: "ஒப்பரேசனுக்குப் பிறகு அவ வேகமா மெலிவா ஐயா. எல்லாரும் சந்தோசப்படுவினம். உள்ளுக்கு ஒரு வருத்தம் இருந்து அதால மெலிஞ்சாலும் ஒருத்தருக்கும் விளங்காது."

எனக்கு விளங்கியது, மகள். இந்த உலகத்தில் என்னை விட நன்றாக அது ஒருவனுக்கும் விளங்கப் போவதில்லை.

அங்கே உள்ள டொக்டர் பெரிய படிப்புப் படித்தவராக இருப்பார். நிறைதான் காரணம், குறைந்தால் சரியாகும் என்று மறுபடி சொல்லுவார். சொன்னால் கதிரையை விட்டு எழும்பாதே. என் தாய்க்கும் இதையே சொன்னார்கள், அவள் செத்துப் போனாள் என்று சொல். பக்கத்தில் உன் புருசன் இருந்து, இவள் பெருசாக்கிக் கதைக்கிறாள் என்று சிரித்தால், அவரை வெளியே போகச் சொல். அவருக்கும் நான் தனியாக ஒரு கடிதம் எழுதி, இதே தபாலில் போடுகிறேன். உன் அம்மாவுக்கு என்ன வருத்தம் என்பதையும், அதைக் கலியாணப் பேச்சில் மறைத்தவன் நான் என்பதையும், உனக்கே தெரியாது என்பதையும் எழுதியிருக்கிறேன். ஏமாற்றிவிட்டோம் என்று அவர் கோபப்பட்டால் அந்தக் கோபம் என்னோடு நிற்கட்டும். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்கு நியாயம் இல்லை.

மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கேட்க வேண்டியவளிடம் கேட்கவில்லை. அவள் கட்டிலடியில் ஐந்து கிழமை இருந்தேன், ஒருநாளும் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. மூச்சுத் திணறிய கடைசி நாளில் அவள் கையைப் பிடித்தேன். அவள் பிடிக்க விட்டாள். அது மன்னிப்பா, கையை இழுக்கப் பலமில்லாமல் விட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உன்னிடம் கேட்டு அதை ஈடு செய்ய ஏலாது.

இதை வாசித்த பிறகு என்னோடு கதைக்க உனக்கு மனம் வராது. வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. எனக்கு எழுதாதே. சபியா இருக்கிறாள், அவள் மகன் கிண்ணியாவில் கடை வைத்திருக்கிறான், விலாசத்தைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளுக்கு எழுது. உன்னிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று நேற்றுப் போய்ச் சொன்னேன். "இப்பயாவது" என்றாள். பரிசோதனை முடிந்தது என்றும், என்ன சொன்னார்கள் என்றும் அவளுக்கு இரண்டு வரி போடு. நல்லதோ கெட்டதோ, அவளிடம் சொல்லு. உன் அம்மாவும் அவளிடம்தான் சொன்னாள்.

லண்டனுக்குக் கடிதம் போய்ப் பதில் வர இரண்டு கிழமையாவது ஆகும். அதற்கு முன்னால் ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நாளையிலிருந்து தினமும் காலைப் பாதையில் ஏறி அக்கரைக்குப் போய்ச் சபியாவிடம் கேட்டுக்கொண்டு வருவேன்.

உன்னிடம் பொய் சொன்ன
அப்பா